தட்டை வில்லும் காதர் மச்சானின் இழைப்புளியும்

கடலூர் ஓல்டு டவுன், அதாவது ஓ.டி. ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டியில் ஏறும்போதே டிக்கெட் பரிசோதகர் என்னைப் பார்த்துவிட்டார். பார்க்காமல் என்ன செய்வார்? பழைய தலையணை உறைகளை ஒட்டித் தைத்த நீளமான பை ஒன்று என் தோளில் தொங்கியது. அதன் மேல்முனை என் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா அது, தம்பூராவா?"

"வில்லு சார்."

"இன்னா வில்லு?"

"அம்பு வுடுற வில்லு."

பையின் பின்னால் எட்டிப் பார்த்தார். "அம்பு எங்க?"

"அது காலேஜ்ல இருக்கு சார்."

அம்பு வண்டியில் இல்லை என்றதும் அவருக்கு மூச்சு வந்தது. அடுத்தவரிடம் டிக்கெட் கேட்கப் போய்விட்டார்.

எதிர் சீட்டில் குறிஞ்சிப்பாடி லுங்கி வியாபாரி ஒருவர் மூட்டை மேல் காலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் விடவில்லை. "பிரிச்சுக் காட்டு பாப்பா, பாப்போம்" என்றார். அவர் கேட்காவிட்டாலும் நானே பிரித்துக் காட்டியிருப்பேன். அன்று காலையிலிருந்து பால்காரர், ஸ்டேஷன் வரை வந்த ரிக்‌ஷாக்காரர் என்று யாரையும் நான் விடவில்லை.

வெளியே எடுத்ததும் அவர் முகம் சுருங்கியது. "இது பலகை மாதிரில்ல இருக்கு?"

"பலகைதாங்க! அதுதான் விஷயமே!" என்று ஆரம்பித்தவள், புதுச்சத்திரம் தாண்டும் வரை வாயை மூடவில்லை. பாவம் அந்த மனிதர், பரங்கிப்பேட்டையில் கீழே இறங்கி வேறு பெட்டிக்கு மாறிக்கொண்டார்.

போன வாரம் ஹாஸ்டல் ரசத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்கள் படித்தீர்களா, சாப்பிட்டீர்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டும் செய்தேன் ஐயா. கூடவே இதையும் செய்தேன்.

மணிக்கட்டும் மூங்கிலும்

அறுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். சிதம்பரத்தில் நான் பி.எஸ்ஸி. பௌதிகம் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண் மைமூன் பீவியாகிய நான்தான். இதைச் சொல்லாமல் நான் எந்த வாரமும் விட்டதில்லை, இந்த வாரமும் சொல்லிவிட்டேன்.

அந்த வருஷம் எங்கள் விளையாட்டு ஆசிரியை ஸ்டெல்லா மிஸ் பெண்களுக்கு வில் எய்யக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். மற்ற பெண்கள் வளையப்பந்து ஆடப் போனபோது நானும் என் ரூம்மேட் கோமதியும் இதற்குப் போனோம். கோமதிக்குச் சேத்தியாத்தோப்பு. நல்ல உயரம். கதவு நிலையில் இடித்துக்கொள்ளாமல் அவள் ஒரு நாளும் ரூமுக்குள் வந்ததில்லை.

காலேஜில் இருந்தவை மூங்கில் வில்கள். மூங்கிலைக் குறை சொல்லக் கூடாது, நன்றாகத்தான் வேகம் கொடுக்கும். ஆனால் ஒவ்வொரு அம்பு போகும்போதும் பிடித்திருக்கிற கையை ஒரு உதறு உதறும். கோமதிக்கு அது கொசுக்கடி. எனக்கோ, சின்ன வயதில் கடற்கரை ரோட்டில் சைக்கிளோடு விழுந்து உடைத்துக்கொண்ட மணிக்கட்டு. நாலு அம்பு விட்டால் வலிக்கும். பத்து விட்டால் வீங்கி, மறுநாள் பேனா பிடிக்க முடியாது.

அப்போதுதான் மிஸ் அறிவித்தார். மெட்ராஸில் கல்லூரிகளுக்கு இடையில் போட்டி. எங்கள் காலேஜிலிருந்து ஒரே ஒரு பெண் போகலாம். செலக்‌ஷன் அன்று காலை முழுக்க எய்ய வேண்டும், சொந்த வில் இருந்தால் கொண்டுவரலாம்.

நான் அதுவரை மெட்ராஸைப் பார்த்ததில்லை. கடைசி வருஷம் வேறு. பரீட்சை முடிந்தால் வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பார்கள், அப்புறம் யார் என்னை வில்லைத் தூக்க விடப்போகிறார்கள்? எனக்கு அந்த இடம் வேண்டும். வெறியாக வேண்டும். என் மணிக்கட்டோ ஒரு காலைப்பொழுதுகூடத் தாங்காது.

ஸ்கேல் சொன்ன சேதி

எங்கள் லேபில் ஒரு பரிசோதனை உண்டு. மர மீட்டர் ஸ்கேலை மேஜை விளிம்பில் இறுக்கிப் பிடித்து, நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்க வேண்டும். வருஷா வருஷம் எல்லாரும் செய்து, எல்லாரும் மறந்துபோகிற பரிசோதனை.

அன்று கோமதி கல்லை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் ஸ்கேலைப் பக்கவாட்டில் பார்த்தேன். மேஜை ஓரத்தில் நன்றாக வளைந்திருக்கிறது, போகப்போக வளைவு குறைந்து நுனி நேராகவே நிற்கிறது. அதாவது பாரமெல்லாம் அடியில். நுனிக்கு வேலையே இல்லை, சும்மா எடையைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

"கோமதி, இதுதாண்டி வில்லு!"

"கத்தாதடி, சார் பாக்கிறாரு."

சார் பார்த்தால் என்ன? எனக்கு அங்கேயே வரைய வேண்டும் போலிருந்தது. நடுவில் வளையாத கனமான பிடி. அதற்கு இரண்டு பக்கமும் ஸ்கேல் மாதிரி அகலமான தட்டை. போகப்போக அகலத்தைக் குறைத்து, நுனியை விரல் மாதிரி மெலிதாக்கிவிட வேண்டும். அப்படிச் செய்தால் அடியில் மட்டும் இல்லாமல் நீளம் முழுக்க வளைவு பரவும்.

உதறல் எங்கிருந்து வருகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. அம்பு போனதும் வில்லின் இரண்டு நுனிகளும் பறந்துவந்து சட்டென்று நிற்கின்றன. நுனி கனமாக இருந்தால் அந்த அடி முழுவதும் கைக்கு வருகிறது. பஸ்ஸில் பிரேக் போட்டால், மடியில் வைத்திருப்பது பஞ்சு மூட்டையா அரிசி மூட்டையா என்பதைப் பொறுத்துத்தானே இடி! நுனியை இளைத்துவிட்டால் என் மணிக்கட்டு தப்பிக்கும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. நான் பாவாடை கட்டிய வயதில், எங்கள் தெருவுக்கு அடுத்த திரௌபதி அம்மன் கோயிலில் வில் வளைப்புத் திருவிழா. அர்ஜுனன் வேஷக்காரர் ஜிகினாக் காகிதம் சுற்றிய வில்லை ஊரே பார்க்க வளைத்தார். தவில்காரர் அடித்த அடியில் எனக்குக் காது அடைத்தது. அம்பு கிளம்பி, அவர் கால் கட்டை விரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் அசரவில்லை. உச்சியில் கட்டியிருந்த மீன் விழுந்துவிட்ட மாதிரியே நிமிர்ந்து பார்த்து மாலையை வாங்கிக்கொண்டார். அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு வில் மேல் ஆசை வந்தது என்று நினைக்கிறேன்.

நாற்காலிக்காரர் செய்த வில்

லீவுக்கு ஊருக்கு வந்ததும் நேரே காதர் மச்சானிடம் போனேன். என் அக்கா ஜொஹராவின் கணவர். ஓ.டி.யில் நாற்காலி, மேசை, கட்டில் செய்யும் கடை வைத்திருந்தார். வழவழப்பு என்றால் அவருக்கு உயிர். கல்யாண வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் உட்கார்ந்த நாற்காலியின் அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்து, "சரியா இழைக்கல" என்று முகம் சுளிப்பார்.

"மச்சான், எனக்கு ஒரு வில்லு வேணும்."

"யாரைக் கொல்லப்போற?"

"யாரையும் இல்ல. ஜெயிச்சா மெட்ராஸ் போவேன்."

"சோபா கேளு, செஞ்சி தரேன். வில்லுலாம் நமக்குத் தெரியாது புள்ள" என்றவர், நான் வரைந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பென்சில் அவர் காதிலிருந்து கைக்கு வந்துவிட்டது.

முதல் வில்லைத் தேக்கில் செய்தோம். எப்பேர்ப்பட்ட வில்! முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் இழைத்து, உப்புத்தாள் போட்டு, எனக்குத் தெரியாமல் பாலிஷும் போட்டுவிட்டார். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். பிடிக்கு மேலே போகிற மேல்கையும் கீழே போகிற கீழ்கையும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் ஒரே அளவு.

கடைச் சுவரில் ஒரு கட்டையை அடித்து வில்லின் பிடியை அதில் உட்காரவைத்தோம். நாணில் கயிறு கட்டி, அதைக் கீழே ஒரு உருளை வழியாக இழுத்தால், தூரத்தில் நின்றபடியே வளைவைப் பார்க்கலாம். பிஸ்மி சொல்லி மச்சான் கயிற்றை இழுத்தார்.

டமார்!

அக்கா கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். "யாரு? இன்னா வெடிச்சுது?"

மச்சான் கயிற்றைப் பிடித்தபடியே சுவரைக் காட்டினார். பாதி வில் சுவரில் இருந்தது, மீதிப் பாதி பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மரத்துக்குள் ஓடுகிற வரிகள் சாய்ந்து ஓடி, பாதியிலேயே மேல்தளத்துக்கு வந்து முடிந்திருந்தன. இழுக்கும்போது அம்பு பறக்கிற பக்கம் பார்த்த முதுகு விரிந்துகொடுக்க வேண்டும். வரி அறுந்த இடத்தில் அது எப்படி விரியும்? நாற்காலி செய்கிறவருக்கு இந்தக் கவலையே இல்லை. எந்தப் புண்ணியவானும் நாற்காலியைக் காது வரைக்கும் இழுத்துப் பார்ப்பதில்லை. வழவழப்புக்காக வரியைச் சீவி அறுத்த மச்சானின் இழைப்புளிதான் எங்கள் வில்லை உடைத்தது.

"கஸ்டமர் பாத்தா துப்புவான்"

இரண்டாவது வில்லுக்குக் கடைக்குப் பின்னால் கிடந்த பழைய ஜட்கா வண்டியின் ஏர்க்கால் ஒன்றை, குதிரையைப் பூட்டுகிற நீளக் கட்டையை, எடுத்தோம். தடசு மரம். குதிரை ஓடும்போது வளைந்து வளைந்து நிமிர்ந்த கட்டை, அதனால் வளைவது அதற்குப் புதிது இல்லை. இந்த முறை ரம்பமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆப்பு வைத்துப் பிளந்தோம். மரம் தன் வரி போன போக்கில் தானே பிரிந்தது.

முதுகுப்பக்கம் ஒரே வரியை நுனிக்கு நுனி விட்டுவைத்தோம். வரி மேடாகப் போனால் வில்லும் மேடு, பள்ளமாகப் போனால் பள்ளம். குறைக்க வேண்டியதையெல்லாம் எய்கிறவரைப் பார்த்த வயிற்றுப் பக்கத்திலும் ஓரங்களிலும் மட்டும் குறைக்க வேண்டும் என்பது என் சட்டம்.

மச்சானுக்கு அந்த முதுகைப் பார்க்கவே சகிக்கவில்லை. "இன்னா புள்ள இது, தார் ரோடு மாதிரி! கஸ்டமர் பாத்தா காறித் துப்புவான்."

"கஸ்டமர் நான்தான் மச்சான். நான் துப்பல."

நான் டீ குடிக்க உள்ளே போயிருந்தேன். சர்ர்ர் என்று ஒரு சத்தம் காதில் விழுந்தது. டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்தால், மனுஷன் இழைப்புளியை முதுகின் மேல் வைத்துவிட்டார்!

"மச்சான்!"

திருடன் மாதிரி கையைத் தூக்கினார். "சும்மா, ஒரு ஓரம்... கை ஊறுது புள்ள."

நல்ல வேளை, சுருள் சீவல் ஒன்றுதான் வந்திருந்தது, வரி அறுபடவில்லை. அன்றிலிருந்து வில் முடியும் வரை இழைப்புளி அக்காவின் அரிசிப் பானைக்குள் இருந்தது.

அப்புறம் வந்தது அளவுச் சண்டை. மறுபடி சுவரில் மாட்டிக் கொஞ்சமாக இழுத்தோம். மேல்கை அழகாக வளைந்தது, கீழ்கை முரண்டுபிடித்தது. மச்சான் அளந்து பார்த்தார். இரண்டும் ஒரே அளவு.

"அளவு சரியா இருக்கு. மரம்தான் தப்பு" என்று தீர்ப்புச் சொன்னார்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அளவுகோலை மேசையில் வைக்கச் சொன்னேன். வளைவு எங்கே குறைகிறதோ அங்கே மட்டும், உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினோம். தூள் மாதிரி உதிர்ந்தது. சுரண்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி சுரண்டினோம். எங்கே தவறு கண்ணில் பட்டதோ அந்த இடத்தோடு கயிற்றை நிறுத்திக்கொள்வோம், திருத்தாமல் அதற்கு மேல் இழுப்பதில்லை. முழு இழுப்பும் என் கை நீளத்துக்குத்தான். ஒரு விரல் கூடினாலும் மரம் தாங்குமா என்று எங்களுக்கு நிச்சயமில்லை.

துறைமுகத்திலிருந்து வலை நூல் வாங்கி, முறுக்கி, தேன்மெழுகு தடவி நாண் செய்தோம். கடைக் கொல்லையில் மரத்தூள் மூட்டையைச் சாத்திவைத்து, மச்சான் சீவித் தந்த குச்சி அம்புகளில் முதலாவதை விட்டேன். பிடித்த கையில் ஏதோ நடக்கப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எதுவுமே நடக்கவில்லை! அம்பு மூட்டைக்குள் இருந்தது, கை சும்மா இருந்தது. நாண் "ம்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இழுக்கும்போதும் கடைசியில் முரண்டு கிடையாது, தயிரில் கரண்டி போவது மாதிரி வந்தது. நான் குதித்த குதியில் கோழிகள் சுவர் ஏறின. அன்று இருட்டும் வரை எய்தேன். மணிக்கட்டு வீங்கவில்லை.

சிதம்பரம் மைதானத்தில்

அந்த வில்லோடுதான் பாசஞ்சரில் சிதம்பரம் போய் இறங்கினேன். மறுநாள் காலை செலக்‌ஷன். ஆறேழு பெண்கள் வந்திருந்தாலும் வெயில் ஏறுவதற்குள் போட்டி எனக்கும் கோமதிக்கும் என்று ஆகிவிட்டது.

நான் முதலில் எய்து முடித்தேன். கடைசி அம்பு வரை கை வலிக்கவில்லை. நல்ல புள்ளி. கோமதி என்னை முந்த வேண்டுமென்றால் மிச்சமிருந்த அம்புகளெல்லாம் இலக்கின் நடுவில் இருந்த மஞ்சள் வட்டத்திலோ அதன் ஓரத்திலோ விழ வேண்டும். மெட்ராஸ் எனக்குக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் அடுத்த அம்பை இழுத்தாள். மூங்கில் படீரென்று நீளவாக்கில் பிளந்தது.

கோமதி பிளந்த வில்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காலேஜில் இருந்த மற்ற வில்கள் ஏற்கனவே ஆட்டம் கண்டவை. "ஸாரி கோமதி" என்று ஸ்டெல்லா மிஸ் தாளில் எழுதக் குனிந்தார்.

"மிஸ், என் வில்ல எடுத்துக்கட்டும்!"

சொன்னது நான்தான். இரக்கம், பெருந்தன்மை என்றெல்லாம் யாரும் எழுதிவிட வேண்டாம். நாலு நாளாக ஊரில் கண்ட ஆளிடமெல்லாம் அந்த வில்லைக் காட்டிக்கொண்டு திரிந்தவள் நான். வில் எய்யத் தெரிந்த ஒருத்தி அதை இழுத்துப் பார்த்து, அதன் அருமை தெரிந்து சொல்ல வேண்டும் என்று எனக்கு அவ்வளவு துடிப்பு. வாய் முந்திக்கொண்டது.

"யோசிச்சுச் சொல்லும்மா" என்றார் மிஸ்.

"குடுத்துட்டேன் மிஸ்." கோமதியிடம் வில்லை நீட்டினேன். "அடியே, இது என் கைக்குச் செஞ்சது. உன் கை நீளம், தாடை வரைக்கும்தான் இழுக்கணும். காதுக்குப் போனே, ஒடிஞ்சிடும். ஒடிஞ்சா உன்னையும் ஒடிச்சிடுவேன்."

முதல் அம்பை விட்டாள். அம்பு எங்கே விழுந்தது என்று பார்க்காமல் கையில் இருந்த வில்லைப் பார்த்தாள். "ஏய் மைமூனு... கையில ஒண்ணுமே தெரியலடி!"

நான் சிரித்த சிரிப்பு மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். அடுத்ததும் மஞ்சள். அதற்கடுத்ததும். என் புள்ளி அவளுக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டது என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.  வில்லைத் திருப்பிக் கேட்கலாமா என்று ஒரு நினைப்பு வந்ததும் உண்மை.

கடைசி அம்பு. ஜெயிக்கிற வேகத்தில் அவளுக்கு என் பேச்சு மறந்துபோயிற்று. தாடையில் நிற்க வேண்டிய கை, தாண்டிக் காதுக்குப் போனது. வில் முனகியது.

நான் அவளுக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தேன். எய்கிறவளுக்குத் தன் வில்லின் வளைவு தெரியாது. சுவரில் மாட்டி நான் பார்த்தது கட்டைக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு மரத்தை. இப்போதுதான், ஒரு பெண்ணின் இரண்டு கைகளுக்கு நடுவில், என் வில் முழுசாக வளைந்து நிற்பதைப் பார்க்கிறேன். மேல்கையும் கீழ்கையும் ஒன்றைப் போலவே வளைந்திருந்தன. எந்த இடத்திலும் மடிப்பு இல்லை, எந்த இடத்திலும் முரண்டு இல்லை. நாங்கள் துணிந்த அளவையும் தாண்டி இழுத்தும் அது தாங்கி நின்றது.

"மிஸ்! வில்லப் பாருங்க மிஸ்! வில்லப் பாருங்க!"

எல்லாரும் இலக்கைப் பார்த்தார்கள். அம்பு மஞ்சளின் நடுவில் இருந்தது.

ஓ.டி. ஸ்டேஷன்

அந்த சனிக்கிழமை சாயங்காலம் மச்சான் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். என் தோளைப் பார்த்தார். "பை எங்க?"

"கோமதிகிட்ட இருக்கு. அவதான் மெட்ராஸ் போறா."

"வில்லக் குடுத்துட்டியா?" பிளாட்பாரத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "உனக்குப் புத்தி கித்தி இருக்கா? ராவும் பகலும் சுரண்டினது எவளோ மெட்ராஸ் போறதுக்கா?"

"காது வரைக்கும் இழுத்துட்டா மச்சான். ஒடியல."

திட்டுவதை விட்டுவிட்டு என் பக்கம் குனிந்தார். "ஒடியலையா?"

"முனகிச்சு. ஆனா ஒடியல. நான் பக்கத்திலேர்ந்து பாத்தேன்."

"ரெண்டு கையும்?"

"ஒரே மாதிரி."

"சொல்லு, சொல்லு. நுனி எப்படி இருந்துச்சு?"

ஸ்டேஷனிலிருந்து கடை வரை அதையேதான் சொல்லிக்கொண்டு நடந்தேன். காற்றில் கையால் வளைத்து வளைத்துக் காட்டினேன். மெட்ராஸ் போச்சே என்ற ஏக்கம் ஒரு பக்கம் இருக்கத்தான் இருந்தது. அது இன்றும் கொஞ்சம் இருக்கிறது. இன்னொரு பக்கம், சொல்லச் சொல்ல எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைப் பூட்டைத் திறக்கும்போது மச்சான் திடீரென்று திரும்பினார். "ஒரு தடவை தாங்குச்சு, சரி. மெட்ராஸ்ல திரும்பத் திரும்ப அப்படி இழுத்தா தாங்குமா? அந்தப் பொண்ணுக்கு இன்னும் நீளமா ஒண்ணு வேணும் புள்ள. அவ கை எவ்ளோ நீளம்னு கேட்டியா?"

நான் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து விரித்தேன். நுனியிலிருந்து தள்ளி ஓர் இடத்தில் இறுக்கமாக ஒரு முடிச்சு இருந்தது. கோமதியை நிற்கவைத்து, கையை நீட்டச் சொல்லி, காது வரைக்கும் அளந்துகொண்டுதான் நான் ரயில் ஏறியிருந்தேன்.